ஒரே ஒரு வாய்

என் மகள் லாஸ்யாவுக்கு ஆறு வயது. அவள் சாப்பிடுகிற பொருள்கள் மொத்தம் ஏழு. ஆறிய இட்லி, எதுவும் ஊற்றாத வெறும் சோறு, உடையாத அப்பளம், தோல் சீவிய ஆப்பிள், பால், நேந்திரங்காய் சிப்ஸ், மஞ்சள் பாக்கெட்டில் வருகிற ஒரு குறிப்பிட்ட பிஸ்கட். எட்டாவது கிடையாது. சோற்றில் ஒரு கடுகு கிடந்தால் அந்தச் சோறு முழுவதும் போச்சு. சிப்ஸும் பிஸ்கட்டும் பாக்கெட் பிரிக்காமல் அவள் கைக்கு வரவேண்டும். பிரித்து வைத்திருந்தால் அது அவளைப் பொறுத்தவரை வேறு ஏதோ சாமான்.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் உடனே டாக்டராகிவிடுவார்கள். "ஒத்தைப் புள்ளைன்னு செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கே" என்பார் சூலூரில் இருக்கும் என் மாமனார் வெங்கடபதி. எங்கள் குடும்பத்தில் பேசுவது தெலுங்கு, திட்டுவதை மட்டும் தெருவுக்கும் புரியட்டும் என்று தமிழில் வைத்துக்கொள்வோம். "ரெண்டு நாள் பட்டினி போடு, பசி வந்தா பத்தும் பறந்து போகும்" என்றார். போட்டோம். பத்தும் அப்படியே இருந்தது, பசிதான் பறந்து போனது. மூன்றாம் நாள் காலையில் லாஸ்யா பல் தேய்க்கும்போதே சரிந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மாமனார் வராந்தா பெஞ்சில் மஞ்சள் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் வைத்தியம் சொல்வதில்லை.

நானும் ஒன்றும் சளைத்தவள் அல்ல. அப்போது தோசையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேரட்டை விழுதாக அரைத்து மாவில் கலந்து, நிறம் தெரியாமல் மொறுமொறுவென்று சுட்டுக் கொடுத்தேன். பாதி தின்றவள் நிறுத்தினாள். வாயிலிருந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை. அன்றோடு தோசை முடிந்தது. இன்றுவரை தோசைக்கல்லை அடுப்பில் போட்டால் அந்த அறையில் இருக்கமாட்டாள்.

கடைசியாகத்தான் தாஜுன்னிசாவிடம் போனோம். பீளமேட்டில் ஒரு மாடியில், சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கென்றே பயிற்சி கொடுப்பவர். அப்போது லாஸ்யாவின் கணக்கில் ஐந்துதான் மீதி. அவர் லாஸ்யாவை அரை மணி நேரம் பார்த்தார், என்னை ஒரு மணி நேரம் விசாரித்தார்.

"இது அடம் இல்லீங்கம்மா. அவளுக்கு நெஜமாவே பயம்" என்றார். "திணிக்காதீங்க. ஒளிச்சுக் குடுக்காதீங்க. ஒரு நாள் பூரா தின்னலைன்னாலும் பரவால்ல, குடுக்கறது என்னன்னு பொய் மட்டும் சொல்லாதீங்க. அவ நம்பறது இந்த உலகத்துல உங்க ஒருத்தரைத்தான். அதைத் தொலைச்சுப்போட்டா அப்பறம் என்கிட்ட மருந்து இல்ல."

பதினான்கு மாதம் அவர் சொன்னபடி நடந்தேன். என் சுபாவத்துக்கு அது பெரிய காரியம். நான் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறவள். ஒரு மோட்டார் சொன்னபடி ஓடவில்லை என்றால் பிரித்துப் போட்டுவிடுவேன். இங்கே பிரிக்க ஒன்றுமில்லை. தினமும் ஓர் ஆப்பிள் துண்டு அவள் தட்டின் ஓரத்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். அவள் அதைப் பார்க்கமாட்டாள், நானும் அதைப் பற்றிப் பேசமாட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அதை எடுத்து நக்கினாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இப்படித்தான் ஐந்து ஏழானது.

இனி அன்புக்கரசியைச் சொல்லவேண்டும். அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவு. என்னைவிட மூன்று வயது இளையவள். ஆறு வருடமாக மத்தியானச் சாப்பாடு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான். அவள் டப்பாவில் பாதி எனக்கு, என் டப்பாவில் பாதி அவளுக்கு. அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்கு நான் அடிமை.

அவள் அப்பா சென்னியப்பன் ஆயுசு முழுவதும் மற்றவர்களின் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். அந்தத் தோட்டங்களில் அவருக்குத் தண்ணீர் கொட்டாங்குச்சியில்தான். தோட்டத்துக்காரர்கள் பெரும்பாலும் கவுண்டர்கள், சிலர் எங்கள் நாயுடுமார். தோட்டத்துக்காரர் இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தால் கட்டிலில் உட்கார்வார், சாப்பிடமாட்டார். கலர் பாட்டிலைக் கண்ணெதிரே உடைத்துக் கொடுத்தால் மட்டும் வாங்கிக் குடிப்பார். கூடவே ஏதாவது ஒரு காரணம் சொல்வார். வயிறு சரியில்லை என்பார், விரதம் என்பார். இதையெல்லாம் அன்புக்கரசி என்னிடம் சோறு தின்றுகொண்டே சொல்லியிருக்கிறாள், ஏதோ பஸ் லேட்டாக வந்த கதை போல.

அதெல்லாம் அந்தக் காலம் என்று நினைக்கவேண்டாம். அவளுக்கும் ஜெரோமுக்கும் கல்யாணம் ஆனபோது வீட்டில் விருந்து வைத்தாள். ஆபீசிலிருந்து ஐந்து பேர் போனோம். நான்கு பேர் பாட்டில் ஜூஸ் மட்டும் குடித்துவிட்டு, "இப்பத்தான் சாப்பிட்டு வந்தோம்" என்றார்கள். நான் உட்கார்ந்து இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மறுநாள் அன்புக்கரசி, "நாலு பேருக்கும் ஒரே நேரத்துல வயிறு நெறஞ்சுபோச்சாட்ட இருக்குதுங்க்கா" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்புக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்த நான்கு பேரில் நான் இல்லை என்கிற பெருமை. இதை நான் மறைக்கப்போவதில்லை, ஏனென்றால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

இந்த வருடம் அன்புக்கரசியும் ஜெரோமும் கருமத்தம்பட்டியில் வீடு கட்டி முடித்தார்கள். ஜெரோம் கிறிஸ்தவர் என்பதால் ஃபாதர் வந்து வீடு மந்திரிப்பார், பிறகு பிரியாணி. குடும்பத்தோடு வரவேண்டும் என்று அழைத்தவள், நான் கேட்காமலேயே சொன்னாள்.

"லாஸ்யாவுக்கு டப்பா எடுத்துட்டு வந்துருங்க்கா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

நான் தலையாட்டினேன். ஆனால் அன்புக்கரசிக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியுமா? அவள் வீட்டில் அன்று நூற்றைம்பது பேர் இருப்பார்கள். ஒரு நாயுடு குடும்பம் அவர்கள் வீட்டுக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து, இலையை ஒதுக்கிவிட்டுக் குழந்தைக்குத் தன் வீட்டு டப்பாவைத் திறந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? குழந்தைக்குச் சாப்பாடு என்றால் பயம் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தச் சனங்கள் அறுபது வருடமாகக் கேட்ட சாக்குகளில் இன்னும் ஒன்று கூடும், அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு திட்டம் போட்டேன். காலையில் லாஸ்யாவுக்கு வயிறு நிறைய இட்லி. பத்தரைக்குப் போய்ச் சேர்வது, பன்னிரண்டுக்கு முதல் பந்தியில் உட்கார்வது. பசி எடுப்பதற்குள் கிளம்பிவிட்டால் டப்பாவுக்கு வேலையே வராது. இருந்தாலும் டப்பாவைக் காரில் வைத்தேன்.

திட்டம் ஃபாதருக்குத் தெரியாதே. அன்று அவருக்கு மூன்று வீடு. அன்புக்கரசி வீட்டுக்கு வரும்போது மணி ஒன்றரை. அதற்குப் பிறகு ஜெபம், ஒவ்வோர் அறையாகத் தீர்த்தம் தெளிப்பு. லாஸ்யா நல்ல குழந்தை, சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் தொந்தரவு கிடையாது. பக்கத்து ஷெட்டில் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றாள். இரண்டேகாலுக்கு வந்து என் புடவையை இழுத்தாள்.

"அம்மா, பசிக்குது. டப்பா?"

"கொஞ்சம் இரு கண்ணு."

என் கணவர் சாய்சரண் எழுந்தார். சந்து குறுகல் என்பதால் காரைத் தூரத்தில், மெயின் ரோட்டோரம் நிறுத்தியிருந்தோம். "நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

"வேண்டாம், உக்காருங்க" என்றேன். "பந்தி போட்டாச்சு. சாப்பிட்டதும் கார்லயே குடுத்துக்கலாம்."

"அவளுக்குப் பசிக்குதுங்கறா."

"பத்து நிமிஷத்துல செத்துப்போக மாட்டா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது என்று ரொம்ப நாளைக்கு முன்பே முடிவாகிவிட்டது.

பந்தலில் நீள மேசைகள். லாஸ்யா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். அவளுக்கு இலை வேண்டாம் என்று சொல்வதற்குள் இலை விழுந்தது, இலையில் பிரியாணி விழுந்தது, பக்கத்தில் தயிர்ப் பச்சடியும் ஒரு முட்டையும் விழுந்தன. பரிமாறிய பெண் குழந்தை என்று பார்த்து ஆசையாக இரண்டு துண்டு கறி கூடுதலாக வைத்தாள். லாஸ்யா நாற்காலியின் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். கைகளைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டாள். மூச்சை வாயால் விட்டாள். இலையிலிருந்து வரும் வாசம் மூக்குக்குள் போகக்கூடாது.

சென்னியப்பன் பந்தி விசாரித்துக்கொண்டு வந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் விருந்து வைத்தவர் ஒவ்வொரு இலையாக நின்று, போதுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்காவிட்டால் அது விருந்தில் சேராது. புது வேட்டி, புதுச் சட்டை. மகள் கட்டிய வீட்டில் பந்தி விசாரிக்கிற மனிதரின் முகம் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, "சோறு வெக்கச் சொல்லட்டுங்களா? கொழம்பு உடட்டுங்களா?" என்று கேட்டு வந்தவர், எங்கள் எதிரில் வந்ததும் இன்னும் கொஞ்சம் குனிந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியும்.

"நல்லாருக்குதுங்களா, அம்மணி?"

"ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றேன். பொய் இல்லை.

அவர் கண் லாஸ்யாவின் இலைக்குப் போனது. தொடாத பிரியாணி. நாற்காலியில் ஒட்டிக்கொண்டு மூச்சை வாயால் விட்டுக்கொண்டிருக்கும் குழந்தை. அவர் முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். அவர் முகம் பழகிய ஒரு இடத்துக்குத் திரும்பிப் போனது. அவ்வளவுதான்.

"பாப்பாவுக்கு வயிறு செரியில்லீங்களாட்ட இருக்குது" என்றார். "பரவால்லீங்க அம்மணி. வேண்டாம்னா உட்டுருங்க."

சாக்கு சொல்லவேண்டியவள் நான். எனக்குச் சிரமம் வேண்டாமென்று அவரே எடுத்துக் கொடுத்தார். எத்தனை பேருக்கு இப்படி எடுத்துக் கொடுத்திருப்பாரோ! என் காது சூடாகிவிட்டது. எதிர் வரிசையில் இரண்டு பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "சாப்பிடுவாளுங்க. நான் ஊட்டோணும், அவ்வளவுதான்."

லாஸ்யாவின் இலையில் நிறம் குறைவாக இருந்த சோற்றை விரல் நுனியால் பொறுக்கினேன். ஒரு சின்ன உருண்டை. அவள் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு வாய், கண்ணு" என்றேன்.

அவள் உருண்டையைப் பார்த்தாள். "என்னது?"

"சோறு. வெறும் சோறு."

"நெஜமாவா?"

"நெஜமா."

சாய்சரண் என் முழங்கையைப் பிடித்தார். நான் உதறினேன். லாஸ்யா அதைப் பார்க்கவில்லை. அவள் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

அவள் அழுது அடம்பிடித்து நான் திணித்திருந்தால்கூட இத்தனை நாள் இது என்னைத் தின்றிருக்காது. அவளாகவே திறந்தாள்.

இரண்டு விநாடி. பிறகு காலையில் தின்ற இட்லி வரைக்கும் எல்லாம் வெளியே வந்தது. இலையில், மேசையில், என் புடவையில், கொஞ்சம் சென்னியப்பனின் புது வேட்டியிலும். எதிர் வரிசைப் பெண்கள் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் யாரிடமோ சொன்னது: "ஆகாதவிங்க எதுக்குங்க வரோணும்?"

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். அங்கே குழாயும் துவைக்கிற கல்லும் இருந்தன. அவள் முகத்தையும் கையையும் கழுவினேன். அவள் அழவில்லை. உதட்டை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள். வாய் கொப்பளிக்கத் தண்ணீரைக் கையில் ஏந்திக் கொடுத்தேன். வாங்கவில்லை. குழாயில் அவளே கையை நீட்டிப் பிடித்துக் கொப்பளித்தாள். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை, பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சாய்சரண் டப்பா எடுக்கக் காருக்கு ஓடியிருந்தார். அவர் திரும்புவதற்கு முன்பு சென்னியப்பன் வந்தார். வேட்டியில் கறை அப்படியே இருந்தது. கையில் மஞ்சள் பாக்கெட். வழியில் சாய்சரணை நிறுத்தி, பாப்பா என்னதான் சாப்பிடும் என்று கேட்டு, முனைக் கடைக்குத் தானே நடந்து போய் வாங்கி வந்திருக்கிறார்.

"பிரிக்கலீங்க" என்றார் என்னிடம். "கடைக்காரன் குடுத்தபடியே இருக்குதுங்க. நீங்களே பிரிச்சுக்குங்க."

சொல்லிவிட்டு அதைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்து நின்றார். கையில் கொடுக்கவில்லை. கல்லில் வைத்தார். என் குழந்தைக்குப் பாக்கெட் பிரிக்காமல்தான் வேண்டும். அது உண்மை. அவர் அதை எந்தக் கணக்கில் சொல்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. சத்தியம் செய்தாலும் வழியில்லை.

லாஸ்யா பாக்கெட்டைப் பார்த்தாள். கல்லில் சோப்பு நுரை காய்ந்து கிடந்தது.

"கீழ வெச்சது எனக்கு வேண்டாம்" என்றாள் அவரிடம். "கையில குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எதற்கென்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அனுமதி கேட்கிறார். எழுபது வயது மனிதர், தன் மகள் வீட்டுக் கொல்லையில், ஒரு ஆறு வயதுக் குழந்தையின் கையில் பிஸ்கட் கொடுக்க என்னிடம் அனுமதி கேட்கிறார். நான் தலையாட்டினேன். ஆட்டியதற்காக என்மேலேயே எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆட்டாமலும் இருக்க முடியாது.

கல்லிலிருந்து எடுத்து, வேட்டியின் சுத்தமான பக்கத்தில் துடைத்து, அவள் கையில் கொடுத்தார். அவள் முத்திரை சரியாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துப் பிரித்தாள். எட்டு பிஸ்கட் இருந்தன. நின்றபடியே எட்டையும் தின்றாள். அவர் அங்கேயே நின்று, முதல் பிஸ்கட்டிலிருந்து கடைசிப் பிஸ்கட் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பசிதான், பாவம்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குத் திரும்பிப் போனார். அடுத்த பந்தியை விசாரிக்க வேண்டுமே.

அதற்குப் பிறகு அன்புக்கரசி வந்தாள். ஃபாதருக்கு உள்ளே பரிமாறிக்கொண்டிருந்தவள். பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள்.

"டப்பா எங்கீங்க்கா?"

"கார்ல."

"கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்தேன்."

"அப்பறம்?"

"நூறு பேர் பார்க்கறாங்க அன்பு. உங்கப்பா என்ன நெனப்பாரோன்னு…"

"எங்கப்பன் நெனைக்கறதுக்கு இனி என்னங்க்கா பாக்கி? அவரு பார்க்காத டப்பாவா?" அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நான் ஜன்னல்ல பார்த்துட்டுத்தான் இருந்தேன். அந்தப் புள்ள உங்க மூஞ்சியப் பார்த்துட்டே வாயத் தொறக்குது. நீங்க எங்க ஊட்டுல உக்காந்து தின்னீங்க, அது போதாதுங்களா? உங்களுக்கு நல்ல பேர் வாங்கிக் குடுக்கறதுக்கு அது எதுக்குங்க திங்கோணும்?"

அவள் என் பதிலுக்காக நிற்கவில்லை. உள்ளே போய் ஒரு தூக்குப்போசி நிறையப் பிரியாணி போட்டுக் கொண்டுவந்து சாய்சரணிடம் கொடுத்தாள். இத்தனை பேசிவிட்டும் வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அது என்மேல் உள்ள பிரியமா, வந்தவர்களை அப்படி அனுப்பக்கூடாது என்கிற வழக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை அவள் எப்போதும் போல டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். பாதி எனக்குப் போட்டாள். சாப்பிட்டோம். "லாஸ்யா இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டாள். "நல்லாருக்கா" என்றேன். வீட்டில் நடப்பதை அவளிடம் சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அவள் அப்பா அறுபது வருடம் பட்டதற்கு எதிரே என்னுடைய ஒரு நாள் கதையை வைத்து ஆறுதல் கேட்க எனக்கு வாய் கூசியது.

அந்த வாரமே தாஜுன்னிசாவிடம் போனேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்து, "எதை விட்டா?" என்று கேட்டார். தோசையை விட்டது போல இப்போது சோற்றை விட்டிருப்பாள் என்று நினைத்தார் போல.

"எதையும் விடலீங்க. ஏழையும் சாப்பிடறா."

"அப்பறம் என்னங்கம்மா?"

"என்கிட்ட வாங்க மாட்டேங்கறா."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "காத்திருங்க" என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அப்பா கொடுத்தால் சாப்பிடுகிறாள். சூலூரிலிருந்து தாத்தா வந்து கொடுத்தாலும் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூட ஆயா டப்பாவைத் திறந்து வைத்தால் சாப்பிடுகிறாள். என்மேல் கோபம் ஒன்றுமில்லை. என் பக்கத்தில்தான் படுக்கிறாள், தலை பின்னிவிடச் சொல்கிறாள், பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்கிறாள். சாப்பாடு மட்டும் என் கையிலிருந்து கிடையாது.

போன சனிக்கிழமை சாய்சரண் வேலையாக அதிகாலையிலேயே உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டார். வீட்டில் நானும் அவளும் மட்டும். எட்டு மணிக்கு நான்கு இட்லியை ஆறவைத்துத் தட்டில் வைத்து மேசையில் வைத்தேன். வந்து உட்கார்ந்து பார்த்தாள்.

"பசிக்குதா?"

"பசிக்குது."

"சாப்பிடு கண்ணு. வெறும் இட்லிதான். நீயே பிச்சுப் பாரு."

"அப்பா வரட்டும்."

பத்து மணிக்குக் கேட்டேன், பன்னிரண்டுக்குக் கேட்டேன். பால் காய்ச்சி வைத்தேன், ஏடு கட்டியது. புதிய பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காமல் நீட்டினேன். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, "வேண்டாம்மா" என்றாள் சாந்தமாக. ஒரு மணிக்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள். நடுநடுவே எழுந்து போய்த் தண்ணீர்ப் பானையில் அவளே மொண்டு குடித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் சாப்பிடவில்லை.

நாலு மணிக்கு சாய்சரண் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கழுவினார். மேசைமேல் காலையில் நான் வைத்த தட்டு அப்படியே இருந்தது. அதை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து இந்தப் பக்கத்தில் அவள் முன்னால் வைத்தார். அதே தட்டு, அதே இட்லி. அவள் நான்கையும் தின்றாள்.